கரணையும் ரசமட்டமும்

எஃகுத் தகடுகளையும் குழாய்களையும் வெவ்வேறு வெல்டிங் முறைகளால் ஒன்றாகச் சேர்த்து, சிறிய இரும்புப் பேழை ஒன்றைச் செய்து முடித்திருக்கிறான் ஓர் இளைஞன். அதைப் பரிசோதகர்களிடம் ஒப்படைத்துவிட்டு, முகக்கவசத்தைக் கழற்றி, கையுறைகளை உருவிப் போட்டு, கழுத்தில் வழிகிற வியர்வையைத் துடைக்கவும் மறந்தவனாகத் தடுப்புக்கு இப்பால் நிற்கிறான். பேழையின் வயிற்றில் தண்ணீரை நிரப்பி, உள்ளே காற்று தங்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்டு, பம்பை இயக்குகிறார்கள். அழுத்தமானியின் முள் பத்து, இருபது, நாற்பது என்று மெல்ல மெல்ல ஏறுகிறது. தொழில்திறன்களுக்கான உலகப் போட்டியின் வழக்கப்படி அது தொட வேண்டிய எல்லை 69 பார். காரின் சக்கரத்துக்கு நாம் அடிக்கிற காற்றின் அழுத்தத்தைப்போல் ஏறக்குறைய முப்பது மடங்கு. இந்த நிமிஷத்தில் அவனுக்கு அனுகூலமாகப் பேச ஆசிரியர் இல்லை, சிபாரிசுக் கடிதமும் இல்லை. வெல்டு ஓடிய பாதையில் எங்கேனும் ஊசிமுனை அளவு பொத்தல் இருந்தாலும் ஒரு சொட்டு நீர் வெளியே வந்து அவனைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெல்டிங் போட்டியின் விதிகளில் இன்னொன்றும் உண்டு. முடிந்துபோன வெல்டின் மேல்முகத்தை கிரைண்டர் வைத்துத் தேய்க்கக் கூடாது. நம் ஊர்ப் பட்டறைகளில் கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்கிறபோது, மேடும் பள்ளமுமாக விழுந்த வெல்டை கிரைண்டரால் சீவி, பட்டி பார்த்து, அதன்மேல் பெயின்ட் அடித்துவிட்டால் வேலை முடிந்தது என்று கொடுப்பவரும் வாங்குபவரும் பரஸ்பரம் சமாதானமாகப் போகிற வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் கடுமை விளங்கும். மறைப்பதற்கு மார்க்கமே இல்லாத இடத்தில் ஒருவனுடைய கை எப்படி நடந்துகொள்கிறது என்று பார்ப்பதற்காகவே இந்தப் பரீட்சை ஏற்பட்டிருக்கிறது.

மத்திய அரசின் திறன் மேம்பாடு மற்றும் தொழில்முனைவு அமைச்சகத்தின் ஆதரவில், தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகம் முன்னின்று நடத்துகிற "இந்தியா ஸ்கில்ஸ்" போட்டி, 2024 மே மாதத்தில் புதுடெல்லி துவாரகையில் உள்ள யசோபூமி மாநாட்டு மையத்தில் நடந்தபோது, செங்கல் கட்டுதல், தச்சு, குழாய் வேலை, வெல்டிங், மின்சார வேலை போன்ற பழைய தொழில்களும், ரோபோ இயக்குதல், இணையப் பாதுகாப்பு, சூரிய சக்தி, ஹோட்டல் வரவேற்பு போன்ற புதிய தொழில்களுமாக 61 துறைகளில் இளைஞர்கள் போட்டியிட்டார்கள். எந்த மாநிலம் எத்தனை பதக்கம் பெற்றது என்று எண்ணிப் பார்த்துவிட்டு அத்துடன் எழுந்துபோவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அந்தக் கணக்கைக் காட்டிலும் பெரிய விஷயம் ஒன்று இந்தப் போட்டிக்குள் இருக்கிறது. கைவேலையின் நேர்த்தியை இன்னார் சொன்னார் என்றில்லாமல், எல்லாருக்கும் தெரியும்படி அளந்து, எழுதி, மதிப்பெண் இட முடியும் என்பதை அது நிரூபித்துக் காட்டுகிறது. அந்த அளவுகோல் போட்டி அரங்கத்தை விட்டு வெளியே வந்து, ஐ.டி.ஐ. பட்டறைக்கும் நாம் வீடு கட்டுகிற மனைக்கும் ஏன் இன்னும் வந்து சேரவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

பெட்டிச் செய்தி: இந்தியா ஸ்கில்ஸ் 2024

நாள்: மே 15 முதல் 19 வரை.
பெயர் பதிவு செய்தவர்கள்: சுமார் 2.5 லட்சம்.
முதற்கட்ட வடிகட்டலில் தேறியவர்கள்: சுமார் 26,000.
மாவட்ட, மாநிலப் போட்டிகளைத் தாண்டித் தேசியச் சுற்றுக்கு வந்தவர்கள்: 900க்கு மேல்.
துறைகள்: 61.
பதக்கப் பட்டியலில் முதலிடம்: ஒடிசா (17 தங்கம், 13 வெள்ளி, 9 வெண்கலம்). கர்நாடகமும் தமிழ்நாடும் அடுத்தடுத்து வந்தன.

ஸ்பெயினில் முளைத்த எண்ணம்

பூர்வ கதை நீண்டதன்று. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த சமயத்தில், தேர்ந்த தொழிலாளர்கள் போதாமல் ஸ்பெயின் தேசம் தவித்தது. தொழில் கற்பது கௌரவக் குறைவான காரியம் என்ற எண்ணம் அங்கும் இளைஞர்களிடையே பரவியிருந்தது. அந்த எண்ணத்தை உபதேசத்தால் மாற்ற முடியாது, போட்டியால் மாற்றலாம் என்று கருதியவர்களின் முயற்சியால் 1947இல் அங்கே தேசியப் போட்டி நடந்தது. 1950இல் ஸ்பெயினும் போர்த்துகலும் தலைக்குப் பன்னிரண்டு இளைஞர்களை மாட்ரிட் நகருக்கு அனுப்பிப் போட்டியிட வைத்தன. இன்று "வேர்ல்டு ஸ்கில்ஸ்" என்று வழங்குகிற உலகப் போட்டியின் ஆதி அதுவே. இந்தியாவில் ஐ.டி.ஐ. மாணவர்களுக்கான அகில இந்தியப் போட்டி அறுபதுகளிலேயே தொடங்கிவிட்டது என்றாலும், உலக அரங்கத்தில் நாம் கால் வைத்தது 2007இல், ஜப்பானின் ஷிஸுவோகா மாகாணத்தில்தான். இப்போது இந்தியா ஸ்கில்ஸ் போட்டியில் முதல்வராக வருகிறவர்களுக்கே உலகப் போட்டிக்குப் பயிற்சி பெறும் உரிமை கிடைக்கிறது.

மில்லிமீட்டரின் ஆட்சி

கொத்தனார் வேலைக்கான போட்டியைச் சற்று நெருங்கிப் பார்த்தால் இந்த அளவுகோலின் தன்மை புலப்படும். போட்டியாளரிடம் ஒரு வரைபடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள். அதில் கண்டபடி, வளைவும் கோணமும் அலங்கார வரிசைகளும் உள்ள செங்கல் சுவர்களை, குறித்த மணி நேரத்துக்குள் அவன் எழுப்ப வேண்டும். கல்லை அவனே அளந்து வெட்டுகிறான். கலவையைக் கரணையால் அள்ளி இழுத்து, கல்லை வைத்து, நுனியால் இலேசாகத் தட்டி இருத்துகிறான். ரசமட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கிறதா என்று குனிந்து பார்க்கிறான். வரிசைக்கு வரிசை இதையே திரும்பத் திரும்பச் செய்கிறான். வேலை முடிந்து அவன் விலகியதும் நடுவர்கள் அளவுநாடாவும் மூலைமட்டமும் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். நீளம், உயரம், மட்டம், தூக்கு, கோணம், வரிசையின் நேர் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி மதிப்பெண். ஓரிரு மில்லிமீட்டர் பிசகினாலும் மதிப்பெண் போய்விடும்.

இந்தச் சுவருக்குப் பூச்சு கிடையாது. நம் ஊரில் சுவர் அரை அங்குலம் சாய்ந்துவிட்டால், "பூச்சுல சரி பண்ணிக்கலாம் சார்" என்ற ஒரே வாக்கியத்தில் கொத்தனாரும் மேஸ்திரியும் நம்மைத் தேற்றிவிடுகிறார்கள், நாமும் தேறிவிடுகிறோம். அந்த அரை அங்குலத்தை நிரப்புகிற சிமென்டுக்கும் மணலுக்கும் காசு கொடுப்பவர் வீட்டுக்காரர். பிற்பாடு கதவு நிலை பொருந்தாமல் தச்சரும், டைல்ஸ் நேராக நிற்காமல் டைல்ஸ் போடுபவரும் படுகிற அவஸ்தை வேறு. போட்டியின் சுவரில் செங்கல்லின் முகமும் இரண்டு கல்லுக்கு இடைப்பட்ட சாந்தின் கோடும் கண்ணுக்கு நேரே நிற்பதால், முதல் வரிசையில் நேர்ந்த பிழை கடைசி வரிசை வரை கூடவே ஏறி வந்து எல்லார் பார்வைக்கும் வைக்கப்பட்டுவிடுகிறது.

அளக்க முடிந்தவற்றை அளக்கலாம். அழகையும் நேர்த்தியையும் எப்படி அளப்பது என்று கேட்கலாம். அதற்கும் உலகப் போட்டியில் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். மூன்று நடுவர்கள் ஒரே சமயத்தில், ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ள அவகாசமின்றி, பூஜ்யம் முதல் மூன்று வரை எண்ணிட்ட அட்டைகளில் ஒன்றைத் தூக்கிக் காட்ட வேண்டும். தொழிலில் ஏற்கத்தகாத வேலைக்குப் பூஜ்யம். தொழில் எதிர்பார்க்கிற தரத்தை எட்டினால் ஒன்று. அதைத் தாண்டினால் இரண்டு. அபூர்வமான சிறப்புக்கே மூன்று. அட்டைகளுக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட வித்தியாசம் வந்தால், காரணத்தைச் சொல்லி விவாதித்து மறுபடியும் அட்டை தூக்க வேண்டும். தன் தேசத்துப் போட்டியாளனுக்கு நடுவர் மதிப்பெண் இடலாகாது. வினாவை முன்கூட்டியே அறிந்து மனப்பாடமாகப் பயின்று வருவதைத் தடுக்க, பல துறைகளில் அதில் முப்பது சதவீதம் வரை போட்டிக்குச் சற்று முன்னால் மாற்றிவிடுவதும் உண்டு.

மதிப்பெண் முறையில் என் மனத்தைக் கவர்ந்தது "தொழில் எதிர்பார்க்கிற தரம்" என்ற அந்த ஒன்றாம் எண்தான். நம் பள்ளிப் பரீட்சையில் 35 வாங்கினால் தேர்ச்சி. அந்த முப்பத்தைந்துக்கு வெளியுலகத்தில் என்ன அர்த்தம் என்று யாரும் கேட்பதில்லை. இங்கேயோ, காசு கொடுத்து வேலை வாங்குகிற ஒருவர் இந்த வேலையை ஒப்புக்கொள்வாரா என்பதே முதற்கேள்வி. ஐ.டி.ஐ.யின் செய்முறைப் பரீட்சைக்கும் இதே கேள்வியை மூலாதாரமாக வைத்துவிட்டால், சான்றிதழைக் கையில் வாங்கிப் பார்க்கிற முதலாளிக்கு அந்தக் காகிதம் சொல்லுவது என்ன என்று விளங்கிவிடும்.

பதக்கம் வந்த தொழில்களும் வராத தொழில்களும்

உலகப் போட்டிகளில் நமக்குக் கிடைத்த பதக்கங்களைத் துறைவாரியாக வைத்துப் பார்ப்பது அவசியம். 2017இல் அபுதாபியில் ஒரு வெள்ளியும் ஒரு வெண்கலமும் வந்தன. கேக்கும் இனிப்பும் செய்கிற துறையில் ஒன்று, மாதிரி வடிவமைப்பில் ஒன்று. 2019இல் ரஷ்யாவின் கஸான் நகரில் நாலு பதக்கங்கள்: நீர்த் தொழில்நுட்பத்தில் ஒடிசாவைச் சேர்ந்த இளைஞர் பெற்றதுதான் இந்தியாவின் முதல் தங்கம், வலைத்தள உருவாக்கத்தில் வெள்ளி, நகை வேலையிலும் வரைகலை வடிவமைப்பிலும் வெண்கலம். இந்தக் கடைசிப் பதக்கத்தை வென்றவர் ஒரு பெண். உலகப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். 2024 செப்டம்பரில் பிரான்ஸின் லியோன் நகரில் நாலு வெண்கலம்: கேக்கும் இனிப்பும், இண்டஸ்ட்ரி 4.0, ஹோட்டல் வரவேற்பு, புதுப்பிக்கத்தக்க எரிசக்தி.

இந்த மூன்று ஆண்டுகளின் பட்டியலில் கொத்தனார் இல்லை, தச்சர் இல்லை, பிளம்பர் இல்லை, வெல்டரும் இல்லை. பதக்கத்துக்கு அடுத்தபடியான சிறப்புச் சான்றுகள் பலவற்றை நம்மவர்கள் பெற்றிருக்கிறார்கள் என்பதையும், பதக்கம் பெற்ற இளைஞர்களின் உழைப்பு வணங்கத்தக்கது என்பதையும் நான் மறக்கவில்லை. ஆயினும், கோடிக்கணக்கானவர்கள் ஜீவனம் செய்கிற தொழில்களில் நாம் மேடை ஏறாததும், சிலர் மட்டுமே பயில்கிற தொழில்களில் மேடை ஏறியதும் தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

காரணம் தொழில் கற்கும் முறையில் இருக்கிறது. கேக் செய்யக் கற்பவருக்கும் வலைத்தளம் அமைக்கக் கற்பவருக்கும் கல்லூரி உண்டு, ஆசிரியர் உண்டு, திரும்பத் திரும்பச் செய்து பார்க்க மாவும் கணினியும் உண்டு. கொத்தனாரோ சித்தாளாகச் சேர்ந்து, கல் சுமந்து, கலவை குழைத்து, பெரியாள் சாப்பிடப் போன இடைவேளையில் அவருடைய கரணையை எடுத்து இரண்டு கல் வைத்துப் பார்த்து, வசவு வாங்கி, அப்படியே தொழிலைப் பிடித்துக்கொண்டவர். அந்தக் கல்வியில் அனுபவம் இருக்கிறது, கையில் வேகமும் இருக்கிறது. வரைபடம் வாசிக்கக் கற்பிப்பார் இல்லை. மில்லிமீட்டர் கணக்கில் குற்றம் காண்பாரும் இல்லை. 2023-24ஆம் ஆண்டின் பொருளாதார ஆய்வறிக்கையில் எடுத்துக்காட்டியபடி, நம் இளைஞர்களில் முறையான தொழிற்பயிற்சி பெற்றவர்கள் 4.4 சதவீதத்தினரே, முறைசாராத வழியில் கற்றவர்கள் 16.6 சதவீதம். உலகப் போட்டியின் வயது வரம்பு பெரும்பாலான துறைகளில் 22. சித்தாளாகத் தொடங்கியவன் பெரியாளாக உயர்ந்து, தன் பெயருக்கு ஒரு வேலையை எடுத்துச் செய்கிற நிலைக்கு வருவதற்குள் அந்த வயது கடந்துபோய்விடுகிறது.

இதை மாற்ற முடியாது என்பதற்கில்லை. காஞ்சிபுரம் அருகே எல் அண்ட் டி நிறுவனம் கட்டடத் தொழிலாளருக்காக நடத்துகிற பயிற்சி நிலையம் போன்ற இடங்களில், கிராமத்து இளைஞர்கள் கம்பி கட்டவும் சென்டரிங் அடிக்கவும் செங்கல் வைக்கவும் முறையாகவே கற்கிறார்கள். அத்தகைய நிலையங்கள் எத்தனை மாவட்டங்களில் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கிறபோதுதான் மனம் சோர்வடைகிறது.

ஒடிசாவின் மார்க்கம்

2021ஆம் ஆண்டுக்கான போட்டி, தொற்று நோயின் காரணமாகத் தள்ளிப்போய் 2022 ஜனவரியில் நடந்தபோதும் ஒடிசாதான் 51 வெற்றியாளர்களுடன் முதலிடம் பெற்றது. 2024இலும் சிறப்புச் சான்றுகளைச் சேர்த்து எண்ணினால் அதே 51. இயந்திரத் தொழிலில் நம் கோயம்புத்தூருக்கும் ஓசூருக்கும் நிகரான பாரம்பரியம் ஒடிசாவுக்கு இருப்பதாகச் சொல்ல முடியாது. பின் எப்படி வந்தது இந்த முன்னேற்றம்?

2016இல் அந்த மாநிலம் திறன் மேம்பாட்டுக்கென்று தனி ஆணையம் ஒன்றை ஏற்படுத்தி, மைண்ட்ட்ரீ நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான சுப்ரதோ பாக்சியை அதன் தலைவராக அமர்த்தியது. புவனேஸ்வரத்தில் சிங்கப்பூரின் தொழிற்கல்வி நிறுவனத்தாரின் ஒத்துழைப்போடும் ஆசிய வளர்ச்சி வங்கியின் கடனோடும் ஓர் உயர்நிலைப் பயிற்சி மையத்தைக் கட்டினார்கள். ஐ.டி.ஐ.யின் வாசலில் நிற்கிற பிள்ளைக்குத் தான் நிற்கிற இடம் அவமானத்துக்குரியதன்று என்ற உணர்வை உண்டாக்குவதிலும் அந்த மாநிலம் அக்கறை காட்டியது. இயந்திரம் வாங்குவது எளிது, பணம் இருந்தால் போதும். ஒரு தலைமுறையின் கூச்சத்தைப் போக்குவதற்கோ ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

கூச்சம் என்று நான் சொல்வது நம் வீடுகளில் தினந்தோறும் கேட்கிற பேச்சைத்தான். பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்த பையனைப் பற்றி, "வேற வழியில்லாம ஐ.டி.ஐ.ல சேர்த்திருக்கோம்" என்று தாய்மாமனிடம் தாழ்ந்த குரலில் சொல்லுகிற தகப்பனார்கள் எத்தனை பேர்! அதே தகப்பனார், வீட்டில் மோட்டார் ஓடவில்லை என்றால் நல்ல எலக்ட்ரீஷியனைத் தேடி நாலு தெரு அலைகிறார். கிடைத்த ஆளின் கைபேசி எண்ணைப் பத்திரமாகக் குறித்து வைத்துக்கொள்கிறார். தேவைப்படுகிறபோது தேடி ஓடுகிற தொழிலைத் தம் பிள்ளைக்கு மட்டும் வேண்டாம் என்கிற இந்த இரட்டை மனத்தை ஒரு பதக்கத்தால் மாற்ற முடியாது. தெருவிலிருந்து ஒரு பையன் டெல்லிக்குப் போய்ப் பரிசு வாங்கி வந்தான் என்ற செய்தி ஊருக்கு ஊர் ஒன்றாகப் பரவினால் சிறிதளவேனும் மாறும்.

பெட்டிச் செய்தி: கொரியாவும் சுவிட்சர்லாந்தும்

தென் கொரியா 1967 முதல் உலகப் போட்டியில் பங்குபெற்று வருகிறது. 1977இல் முதன்முதலாக ஒட்டுமொத்த முதலிடத்தை அடைந்தது. அதன்பின் பன்முறை அவ்விடத்தைத் தக்கவைத்தது. அந்நாளில் வென்று திரும்பிய இளம் தொழிலாளர்களைக் கார்களில் ஏற்றி வீதிகளில் ஊர்வலமாக அழைத்துச் சென்றார்கள். பதக்கம் பெற்றவர் அதே தொழிலில் நீடித்தால், பரிசுப் பணம் நீங்கலாக ஆண்டுதோறும் ஊக்கத் தொகையும் உண்டு. கட்டாய ராணுவ சேவைக்குப் பதிலாகத் தொழிலிலேயே பணியாற்றும் சலுகையும் உண்டு. சுவிட்சர்லாந்திலோ, இளைஞர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் பட்டறையிலும் பள்ளியிலும் மாறி மாறிப் பயிலும் தொழிற்கல்வியைத் தாமே விரும்பித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

பரிசளிப்புக்கு மறுநாள்

உலகப் போட்டியில் ஒருவர் ஒருமுறைதான் பங்குபெறலாம். நாலு நாளில், இருபது மணி நேரத்துக்குக் கூடக் குறைய, வாழ்நாளில் ஒரே தடவை. அந்த மணிகளுக்காக ஓர் இளைஞன் மாதக்கணக்கில், சில சமயம் ஆண்டுக்கணக்கில், வேறு சம்பாத்தியம் இல்லாமல் பயிற்சி பெறுகிறான். கைதட்டலும் சால்வையும் முடிந்து, புகைப்படக்காரர்கள் கலைந்து போன பிறகு அவன் எதிரே இருக்கிற பாதை என்ன?

பதக்கம் பெற்ற சிலருக்குப் பெரிய நிறுவனங்களில் வேலை கிடைத்துவிடுகிறது. சிலர் அடுத்த அணிக்குப் பயிற்சியாளராகிறார்கள். நான் அதிகமாக நினைத்துப் பார்ப்பது எஞ்சியவர்களை. இரண்டரை லட்சம் பேர் பெயர் கொடுத்தார்கள். தேசியச் சுற்றுக்கு வந்தவர்கள் தொள்ளாயிரத்துச் சில்லறை. பதக்கம் இல்லாமல் திரும்புகிறவனும், வரைபடத்தை வாசித்து, நேரத்தைப் பங்கிட்டு, நடுவரின் அளவுநாடாவுக்கு முன்னால் தன் வேலையை நிறுத்தி, எங்கே எத்தனை மதிப்பெண் போயிற்று என்று கண்டறிந்தவன். எந்தத் தொழிற்சாலையும் தேடி அலைகிற தகுதி அது. அதை அடையாளம் கண்டு உயர்ந்த ஊதியம் கொடுக்கிற ஏற்பாடுதான் நம்மிடம் இல்லை. 2019இல் திருத்தி வகுத்த விதிகளின்படி, ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற ஓர் அப்ரண்டிஸுக்கு மாதக் குறைந்தபட்ச உதவித் தொகை 7,000 ரூபாய். ஊரை விட்டு ஸ்ரீபெரும்புதூருக்கோ ஒரகடத்துக்கோ வந்து, அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போக அவன் கையில் மிஞ்சுவது என்ன? உணவு கொண்டு கொடுக்கிற செயலியில் சேர்ந்தால் இதைவிடக் கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்று கணக்குப் போட்டு, இரண்டு வருஷம் கற்ற லேத் வேலையை ஒரே நாளில் விட்டுவிடுகிற பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவனுடைய கணக்கு சரியான கணக்கு.

முதலாளிகள் அடிக்கடி சொல்கிற ஒரு புகார் உண்டு: ஐ.டி.ஐ. முடித்து வருகிற பிள்ளைகளுக்கு வேலை தெரியவில்லை என்பது. அதில் உண்மை இருக்கலாம். வேலை தெரிந்தவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே சம்பளம் என்று வைத்திருக்கிற பட்டறையில் வேலையைத் தெரிந்துகொள்ள எவன் பிரயத்தனப்படுவான் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டும்.

நம் ஐ.டி.ஐ.க்களின் வாசலில்

தமிழ்நாட்டில் நம்பிக்கை தருகிற காரியங்கள் சில நடந்திருக்கின்றன. 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து சுமார் 2,877 கோடி ரூபாய்ச் செலவில் நவீன தொழில்நுட்ப மையங்களாக மாற்றி அமைத்தார்கள். ரோபோ கைகளும் கணினியால் இயங்கும் கடைசல் இயந்திரங்களும் அரசுப் பட்டறைகளுக்குள் வந்தன. மாணவர்களின் திறன் வளர்ப்புக்காக 2022இல் தொடங்கிய "நான் முதல்வன்" திட்டத்தின் பெயர் கிராமத்துப் பள்ளிகள் வரை தெரிந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் மத்திய அமைச்சரவை 60,000 கோடி ரூபாய் மதிப்பில் ஒப்புதல் அளித்த திட்டத்தில், நாடெங்கும் 1,000 அரசு ஐ.டி.ஐ.க்களை மேம்படுத்துவதோடு, ஐந்து தேசியப் பயிற்சி நிலையங்களைச் சிறப்பு மையங்களாக உயர்த்துவதும் அடக்கம். அவ்வைந்தில் சென்னையும் ஒன்று.

ஐ.டி.ஐ. ஆசிரியர்களை உருவாக்குகிற மத்தியப் பயிற்சி நிலையம் கிண்டியில் இருக்கிறது. ஐ.டி.ஐ. பாடநூல்களைத் தயாரிக்கிற தேசியப் போதனை ஊடக நிறுவனமும் அதே கிண்டியில், 1986இல் ஜெர்மனியின் உதவியோடு ஏற்பட்டது. அது தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் புத்தகம் வெளியிடுகிறது. தொழிற்கல்விக்கு இத்தனை அனுகூலங்கள் ஒரே பேட்டையில் கூடியிருப்பது அபூர்வம். இருந்தும், தமிழில் படித்துத் தமிழில் பட்டறைப் பேச்சுப் பேசிப் பழகிய பிள்ளை, போட்டியின் வினாத்தாளும் குறிப்புகளும் ஆங்கிலத்தில் வந்து நிற்கிறபோது திகைத்துப் போகிறான். உலகப் போட்டியிலேயே மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. மாவட்டச் சுற்றின் வினாத்தாளைத் தமிழிலேயே அச்சிட்டுக் கொடுத்துவிட்டால், மொழிக்கு அஞ்சி ஒதுங்குகிற பல நல்ல கைகள் முன்வரும்.

புதிய இயந்திரம் வந்ததும் பழைய காரியங்களை மறந்துவிடுகிற ஆபத்தும் இருக்கிறது. பிட்டர் பிரிவில் சேர்ந்த பையன், முதல் சில மாதங்கள் வைஸில் இரும்புத் துண்டைக் கவ்வ வைத்து, அரத்தால் அராவி அராவிச் சமதளம் ஆக்கி, மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, இடையே ஒளிக்கீற்று கசிகிறதா என்று பார்க்கிறான். அலுப்பூட்டுகிற வேலைதான், ஆனால் மில்லிமீட்டரின் பத்தில் ஒரு பங்கு எவ்வளவு என்பதை விரல் கற்றுக்கொள்வது அங்கேதான். அதற்கு ராடும் தகடும் அரமும் தாராளமாகக் கிடைக்க வேண்டும். வெல்டிங் பயில்கிற மாணவனுக்கு ஒரு நாளைக்கு எத்தனை ராடு கொடுக்கிறார்கள் என்று விசாரித்தால் ஒரு ஐ.டி.ஐ.யின் தரத்தை ஒருவாறு ஊகித்துவிடலாம். கட்டடமும் இயந்திரமும் வாங்குவதற்குத் திட்டம் உண்டு, திறப்பு விழா உண்டு. எரிந்து தீர்ந்துபோகிற ராடுக்கு விழா இல்லை. ஆகையால் அதற்கு ஒதுக்குகிற பணமே முதலில் சுருங்கிவிடுகிறது.

1945இல் கோயம்புத்தூரில் ஆர்தர் ஹோப் பாலிடெக்னிக் அமைவதற்குக் காரணமாக இருந்த கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு, இன்ஜினீயரிங் கல்விக்கு நாலு ஆண்டுகள் வேண்டியதில்லை, செய்முறையை முதன்மையாக வைத்தால் இரண்டே ஆண்டுகளில் கற்பித்துவிடலாம் என்று அக்காலத்து ஆட்சியாளரிடம் வாதாடி, அவர்கள் இணங்காமற்போகவே தம் பொறுப்பை விட்டு விலகினார். அவருடைய கணக்கு முழுவதும் சரிதானா என்பதில் அபிப்பிராய பேதம் இருக்கலாம். கையினால் செய்து பார்க்காத படிப்புக்கு மதிப்பு இல்லை என்பதில் அவர் கொண்டிருந்த பிடிவாதம் இன்றைக்கும் நமக்கு வேண்டியிருக்கிறது.

இனிச் செய்யத்தக்கவை

பெரிய திட்டங்களுக்குக் காத்திராமல் செய்யக்கூடிய காரியங்கள் இருக்கின்றன. தேசியப் போட்டியின் வினாக்களையும் மதிப்பெண் அட்டவணைகளையும் தமிழில் அச்சிட்டு, ஒவ்வொரு ஐ.டி.ஐ. பட்டறையின் சுவரிலும் ஒட்டிவைக்கலாம்; முதலாம் ஆண்டு மாணவனே தன் வேலையைத் தானே அளந்து பார்க்கட்டும். மாவட்டப் போட்டியை மூடிய அறைக்குள் நடத்தாமல், பள்ளிப் பிள்ளைகளும் பெற்றோரும் வந்து பார்க்கும்படி, பொருட்காட்சிபோல் திறந்த இடத்தில் நடத்தலாம். ஐ.டி.ஐ.க்கு வெளியே தொழில் கற்ற இளம் கொத்தனாரும் தச்சரும் பெயர் கொடுக்கத் தடை இல்லை என்பதைக் கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தின் மூலம் பறைசாற்றலாம். அரசு ஒப்பந்தக்காரர்களிடம், போட்டியில் தேசியச் சுற்றை எட்டியவரை வேலைக்கு வைத்திருந்தால் அதை ஒரு தகுதியாகக் கருதுவோம் என்று டெண்டர் விதியிலேயே எழுதிவிடலாம். ஊதியம் தானாக உயரும். பயிற்சிக்காக ஊதியத்தை இழக்கிற மாதங்களுக்கு ஈடாக, தேர்வு பெற்ற இளைஞனின் குடும்பத்துக்கு உதவித் தொகை கொடுப்பது இவை எல்லாவற்றையும்விட அவசரமானது, ஏனெனில் ஏழை வீட்டுப் பிள்ளை இடையில் விலகுவது பெரும்பாலும் அந்த மாதங்களில்தான்.

2026 செப்டம்பருக்கு உரிய உலகப் போட்டி சீனாவின் ஷாங்காய் நகருக்குக் குறிக்கப்பட்டிருக்கிறது. அதற்கடுத்தது 2028இல் ஜப்பானின் ஐச்சியில். 22 வயது வரம்புள்ள துறைகளில், ஐச்சிக்குப் போகத் தகுதி உள்ளவர்கள் 2006ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னும் பிறந்தவர்கள். அவர்களில் பலர் இப்போது ஐ.டி.ஐ.யில் அரம் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள், சிலர் எங்கோ ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் கலவைச் சட்டி தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், இன்னும் சிலர் பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே சேருவது என்று வீட்டில் வாக்குவாதம் செய்துகொண்டிருக்கிறார்கள். பெயர் பதிவு இணையத்தின் வழியாகத்தான் நடக்கிறது, கட்டணம் ஒரு தடையாக இல்லை. பட்டறை ஆசிரியர் ஒருவரோ மேஸ்திரி ஒருவரோ, தம் கையில் உள்ள கைபேசியிலேயே ஒரு பையனுக்கோ பெண்ணுக்கோ அதைச் செய்து கொடுத்துவிடலாம்.